‘என்னைத் தின்னாதே’

மனித ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். கிழடுதட்டியவற்றை மண்ணீரலில் இருக்கும் மேக்ரோபேஜ் எனும் விழுங்கணுக்கள் பிடித்துத் தின்றுவிடும். இளம் அணுக்களைத் தொடாது. அவற்றின் மேற்பரப்பில் இருக்கும் சிடி47 என்ற புரதம், ‘நான் இந்த வீட்டுப் பிள்ளை, என்னைத் தின்னாதே’ என்று சொல்லிவிடுகிறது. சிடி47 இல்லாத சிவப்பணுக்களைச் சுண்டெலிக்குச் செலுத்தினால் அவை மளமளவென்று காணாமல் போவதை 2000இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ரத்தப் புற்றணுக்கள் இதே புரதத்தை அளவுக்கு மீறி அணிந்துகொண்டு தப்பித்துவிடுகின்றன.

அந்த வேஷத்தைக் கலைக்க முடியுமா? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இர்விங் வைஸ்மன் குழுவினர் செய்த சோதனை 2009இல் ‘செல்’ இதழில் வந்தது. லுக்கேமியா எனும் ரத்தப் புற்று நோயாளிகளின் புற்றணுக்களுக்குப் பச்சையாக ஒளிரும் சாயமேற்றி, சுண்டெலியின் விழுங்கணுக்களோடு ஒரே தட்டில் விட்டார்கள். பெரும்பாலானவை தின்னப்படாமல் கிடந்தன. சிடி47ஐ மறைக்கும் ஆன்டிபாடியைச் சேர்த்ததும் காட்சி மாறியது: நுண்ணோக்கியில், விழுங்கணுக்களின் வயிற்றுக்குள் பச்சைப் பொட்டுகள்!

அடுத்து, உயிருள்ள சுண்டெலிகள். நோய் எதிர்ப்பு அணுக்களான பி அணு, டி அணு, இயற்கைக் கொல்லி அணு மூன்றுமே இல்லாத இனம் அது. ஆனால் விழுங்கணுக்கள் உண்டு. அவற்றின் எலும்பு மஜ்ஜையில் மனித லுக்கேமியாவை வளர்த்து ஆன்டிபாடியை ஊசி மூலம் செலுத்தியபோது, ரத்தத்திலும் மஜ்ஜையிலும் புற்றணுக்கள் வெகுவாகக் குறைந்தன.

ஆன்டிபாடிக்கு இன்னொரு வேலையும் தெரியும். ஆங்கில ‘ஒய்’ எழுத்தைப் போன்ற அதன் இரு கைகள் புற்றணுவைப் பற்றிக்கொள்ள, அடித்தண்டு விழுங்கணுவுக்குப் பிடி கொடுக்கிறது. தண்டைப் பற்றும் ஏற்பிகள் இல்லாத எலிகளில் ரிட்டுக்சிமாப் என்ற ஆன்டிபாடி மருந்து பெருமளவு பலனிழந்ததை ரஃபேல் கிளைன்ஸும் ஜெஃப்ரி ராவெட்சும் 2000இலேயே காட்டியிருந்தார்கள். 2010இல் ஸ்டான்ஃபோர்டு குழு சிடி47 ஆன்டிபாடி, ரிட்டுக்சிமாப் இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தது: ஒன்று வேஷத்தை மறைக்க, மற்றது பிடி கொடுக்க. நிணநீர்ப் புற்று இருந்த பல எலிகளில் நோய் முழுவதுமாக மறைந்தது.

மனிதரிடம் இது இவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. சிடி47 சிவப்பணுவிலும் இருப்பதால், அதை மறைக்கும் மருந்து ரத்தசோகையைக் கொண்டுவந்தது. முதலில் சிறு அளவு கொடுத்து, கிழட்டுச் சிவப்பணுக்கள் கழிந்து புதியவை ஊறக் காத்திருந்து, பிறகு அளவைக் கூட்டும் உத்தியை மருத்துவர்கள் கையாண்டார்கள். ஆனாலும் மேக்ரோலிமாப் என்ற அந்த மருந்து எதிர்பார்த்த பலனைத் தராததால், லுக்கேமியா நோயாளிகளிடம் நடந்துவந்த சோதனை 2024இல் நிறுத்தப்பட்டது.