பிரிண்டரைத் தேடி ஓயாத மென்பொருள்

அலுவலக நெட்வொர்க் மந்தமானால் முதலில் இணைய இணைப்பைக் குறை சொல்வோம், அடுத்து ரவுட்டரை. பிரிண்டரைத் தேடும் மென்பொருள் யார் நினைவுக்கும் வருவதில்லை. வர வேண்டும்.

பிரிண்டரோடு நிறுவப்படும் இந்தச் சிறு நிரல், பலவேளை கணினி ஓடும் நேரமெல்லாம் பின்னணியில் விழித்திருந்து, நெட்வொர்க்கில் உள்ள அத்தனை கருவிகளையும் பார்த்து ‘பிரிண்டர் உண்டா’ என்று கேட்கும். கேபிளில் இது பெரிய சுமையல்ல. வைஃபையில் அப்படியில்லை. எல்லோருக்கும் பொதுவான மல்டிகாஸ்ட் பாக்கெட்டை ஆக்சஸ் பாயின்ட் வழக்கமாக மிகக் குறைந்த வேகத்தில்தான் அனுப்பும், பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அமைப்புகளில் நொடிக்கு 1 மெகாபிட். அது போய்முடியும் வரை அதே சேனலில் மற்ற கருவிகள் காத்திருக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் வயர்ஷார்க்கைத் திறந்து பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். 224.0.0.251 என்ற முகவரிக்கு 5353 போர்ட்டிலும், 239.255.255.250 என்ற முகவரிக்கு 3702 போர்ட்டிலும் ஓயாமல் பாக்கெட் போனால் அவை பெரும்பாலும் தேடல் கேள்விகள். எந்தக் கணினி அதிகம் கேட்கிறது என்பதை அனுப்புநர் முகவரியே சொல்லிவிடும். 161 போர்ட்டில் ஒரே முகவரியை விடாமல் கேட்டும் பதிலே இல்லையென்றால், கழற்றிப் போட்ட பிரிண்டரை ஏதோ ஒரு விண்டோஸ் கணினி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பிரிண்டரின் போர்ட் அமைப்பில் எஸ்என்எம்பி என்ற டிக்கை எடுத்துவிட்டால் நின்றுவிடும்.

லினக்ஸில் ஆபத்து இதைவிடப் பெரிது. அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் தொகுப்போடு வரும் கப்ஸ்-பிரவுஸ்டு என்ற சேவை, புதுப்பிக்கப்படாத பதிப்புகளில் யுடிபி 631 போர்ட்டில் காது வைத்துக் காத்திருக்கும். ‘இந்த முகவரியில் பிரிண்டர் இருக்கிறது’ என்று யார் சொன்னாலும் நம்பி, அந்த முகவரியைத் தானே போய்த் தட்டும். சொன்னவர் யார் என்று விசாரிப்பதில்லை. இந்த ஓட்டையை 2024 செப்டம்பர் 26 அன்று சிமோன் மார்காரிடெல்லி வெளிப்படுத்தினார். தாக்குபவரின் கட்டளைகள் அந்தக் கணினியில் ஓடக்கூடும் என்பதுதான் அப்போதைய பெரிய கவலை. சில நாட்களில் அகமாய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள்: ஒரே ஒரு பாக்கெட்டை அனுப்பி, அந்தக் கணினியை மூன்றாம் ஆள் ஒருவரின் சர்வர்மீது ஏவிவிடலாம். இணையத்தில் திறந்து கிடந்த சுமார் 1,98,000 கருவிகளில் 58,000-க்கும் மேற்பட்டவை இப்படிப் பயன்படக்கூடியவை. சில, 404 என்ற ‘கிடைக்கவில்லை’ பதில் வந்த பிறகும் முடிவில்லாமல் தட்டிக்கொண்டே இருந்தன. தாக்கப்படுபவருக்கு இதனால் வரும் நெரிசல் போதாதென்று, தட்டும் கணினியின் உரிமையாளருக்கும் பேண்ட்வித் கரைகிறது.

அச்சிடாத லினக்ஸ் சர்வரில் இந்தச் சேவைக்கு வேலையே இல்லை, நிறுத்திவிடுங்கள். மற்றவற்றைப் புதுப்பித்து, வெளியிலிருந்து யுடிபி 631 உள்ளே வராதபடி ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள். சேவையை நிறுத்தினாலும் கையால் சேர்த்த பிரிண்டர்கள் வழக்கம்போல அச்சிடும். அது தானாகச் சேர்த்தவை பட்டியலிலிருந்து மறைந்தால், நிலையான ஐபி கொடுத்து ஒருமுறை சேர்த்தால் போதும்.