மேடை தயார், ஆசிரியர் எங்கே?

புது தில்லி: உயர்நிலைப் பள்ளியில் இசை பயில்வதற்குக் காகிதத்தில் தடையேதும் இல்லை. 10-ஆம் வகுப்பு வரை கலைக் கல்வியைக் கட்டாயமாக்க 2005-ஆம் ஆண்டிலேயே தேசியக் கலைத்திட்டம் பரிந்துரைத்தது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் கர்நாடக இசையையோ இந்துஸ்தானி இசையையோ 12-ஆம் வகுப்பு வரை பாடமாகவே எடுக்கலாம். 12-ஆம் வகுப்பில் எழுத்துத் தேர்வுக்கு 30 மதிப்பெண்தான், செய்முறைக்கு 70. மனப்பாடம் மட்டும் இங்கே கைகொடுக்காது.

கற்பிப்பது யார் என்பதே கேள்வி. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை, 100 மாணவர்களுக்கு மேல் பயிலும் பள்ளிகளில் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஓவியமா, இசையா என்று அது கூறவில்லை. 8-ஆம் வகுப்போடு சட்டத்தின் கையும் எட்டாமல் போகிறது. குரல் உடைந்து புதிதாக உருப்பெறும் வயதில் மாணவருக்கு அந்தப் பகுதிநேரத் துணையும் உறுதியில்லை.

9 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக 2015-இல் மத்திய அரசு தொடங்கிய 'கலா உத்சவ்' போட்டி, அவர்களைத் தேசிய மேடை வரை அழைத்துச் செல்கிறது, வரவேற்கத்தக்கதே. ஆனால், தனியே பாட்டு வாத்தியார் வைத்துக்கொள்ள வசதியற்ற அரசுப் பள்ளி மாணவி அம்மேடைக்கு எங்கே தயாராவார்?

அவையில் ஆசிரியர் நியமனம் பற்றிக் கேட்டால், அது மாநிலங்களின் பொறுப்பு என்பதே அமைச்சகத்தின் வாடிக்கையான பதில். (1976-இல் கல்வியைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது அப்போது மட்டும் நினைவுக்கு வராது.) கல்வி உரிமைச் சட்டத்தை 12-ஆம் வகுப்பு வரை நீட்டிக்குமாறு 2019-இல் வெளியான கஸ்தூரிரங்கன் குழுவின் வரைவு பரிந்துரைத்தது. 2020-இல் வெளிவந்த இறுதிக் கொள்கையில் அப்பரிந்துரை இடம்பெறவில்லை.