பார் இல்லாத சைக்கிளை எங்கே மாட்டுவது?

காரின் டிக்கி மேல் பெல்ட் போட்டுக் கட்டுகிற சைக்கிள் ரேக்கை ஒருமுறை உற்றுப் பாருங்கள். வெளியே நீளும் இரண்டு கைகள், அவற்றின் மேல் ரப்பர் பதித்த பள்ளங்கள். சைக்கிளின் பாரை அந்தப் பள்ளங்களில் கிடத்தி, பட்டையை இழுத்து மாட்டினால் வேலை முடிந்தது. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே தரைக்கு இணையாக ஒரு பார் ஓடும் என்று நம்பிச் செய்யப்பட்ட பொருள் இது. ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் செய்த ரோவர் சைக்கிளின் வழியில் வந்து, அடுத்த சில ஆண்டுகளில் நிலைபெற்றது அந்த வைர வடிவ ஃப்ரேம். இன்று ஓடும் பெரும்பாலான சைக்கிள்கள் அதன் வாரிசுகள்தான். மிச்சமிருக்கும் சைக்கிள்களை வைத்திருப்பவர்களுக்குத்தான், காரில் ஏற்றும் வேளை வரும்போது தலைவலி ஆரம்பிக்கிறது.

எல்லா வீட்டிலும் இருக்கும் லேடீஸ் சைக்கிளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பார் இல்லை. ஹேண்டில்பாரிலிருந்து பெடல் பக்கமாகச் சரிந்து இறங்கும் குழாய்தான் இருக்கிறது. அந்தச் சரிந்த குழாயை ரேக்கின் கைகளில் படுக்க வைத்தால், குழாய் நேராகும், சைக்கிள் கோணலாகும். முன்சக்கரம் தரையை நோக்கி இறங்கும், பின்சக்கரம் வானம் பார்க்கும். இறங்கிய சக்கரம் சைலன்சருக்கு நேரே வந்துவிட்டால், புகையின் சூட்டில் டயர் உருகும், டியூப் வெடிக்கும். நெடுஞ்சாலை டீக்கடை வாசல்களில் இப்படித் தலைகுப்புறத் தொங்கும் சைக்கிள்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது பதறும். வண்டிக்காரர் வெளியே வந்தால் தயங்காமல் சொல்லிவிடுவேன்.

இதற்கு எளிய மாற்று உண்டு. நீட்டிச் சுருக்கக்கூடிய ஒரு கம்பி, இரண்டு முனையிலும் கொக்கி. ஒரு முனை ஹேண்டில்பாரின் கழுத்தைப் பிடிக்கும், மறுமுனை சீட் தண்டைப் பிடிக்கும். இல்லாத பாருக்குப் பதிலாக ஒரு தற்காலிக பார். ஃப்ரேமின் நடுவே ஷாக் அப்சார்பர் அடைத்துக்கொண்டு ரேக்கின் கை நுழைய இடமே தராத மலைச் சைக்கிளுக்கும், சிறுவர் சைக்கிளுக்கும் இதுவே போதும். ஆனால் இதன் எல்லையைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். இப்படிப்பட்ட கம்பிகள் பலவும் 15 கிலோ அளவுக்குத்தான் தாங்கும். பேட்டரி சைக்கிள் ஒன்று 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். பேட்டரியைக் கழற்றினாலும் குறைவது மூன்று, நான்கு கிலோதான். கடையில் இதைச் சொல்லாமல் விற்றுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

அந்தத் தற்காலிக பாரும் கைவிட்ட சைக்கிள்கள் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்லிங்ஹாம் என்ற ஊர். அங்கிருந்த சாஃப்ட்ரைடு நிறுவனம் 1990-களில் செய்த சைக்கிளில், சீட்டைத் தாங்கும் செங்குத்துக் குழாயே கிடையாது. ஹேண்டில்பாருக்குப் பின்னாலிருந்து கார்பன் இழையாலான ஒரு நீண்ட தண்டு அந்தரத்தில் நீளும். அதன் நுனியில் சீட். சாலையின் குலுக்கலை அந்தத் தண்டு வளைந்து கொடுத்து விழுங்கிவிடும். மணிக்கணக்கில் குனிந்தபடி ஓட்ட வேண்டிய டிரையத்லான் வீரர்களுக்கு அது பெரும் ஆறுதலாக இருந்தது. அதே காலத்தில் ஜிப், கெஸ்ட்ரல், ட்ரெக் போன்ற நிறுவனங்களும் ஏதாவதொரு குழாயைத் துறந்த ஃப்ரேம்களைச் செய்தன.

சாஃப்ட்ரைடை ரேக்கில் எங்கே மாட்டுவது? மேலே இருப்பது வளைவதற்கென்றே செய்யப்பட்ட தண்டு. சீட் தண்டு என்று ஒன்று இல்லாததால், தற்காலிக பாரின் இரண்டாவது கைக்குப் பிடிமானமும் இல்லை. கீழே மிஞ்சும் குழாய்களில் தொங்கவிட்டால் மேல்பாரம் கூடி, கவிழப் பார்க்கும்.

இப்படிப்பட்ட ஃப்ரேம்களைக் கைவிட்டது ரேக் மட்டுமல்ல. உலக சைக்கிள் பந்தய அமைப்பான யுசிஐ, 1996-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் ஒரு சாசனம் வெளியிட்டது. அதன் வழியில் 2000-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிகள், பழைய வைர வடிவத்தை விட்டு விலகிய ஃப்ரேம்களைப் பந்தயத்திலிருந்து ஒதுக்கின. யுசிஐ விதிக்குக் கட்டுப்படாத டிரையத்லான்களில் மட்டும் அவற்றுக்கு இடம் மிஞ்சியது. சாஃப்ட்ரைடு 2007-இல் சைக்கிள் செய்வதை நிறுத்திவிட்டு, தான் ஏற்கெனவே செய்துவந்த இன்னொரு பொருளில் முழுக் கவனம் வைத்தது. அந்தப் பொருள், காரில் மாட்டும் சைக்கிள் ரேக்!

படுத்தபடி ஓட்டும் ரிகம்பென்ட் சைக்கிளுக்கும் இதுவே நேர்ந்தது, அதுவும் மிக முன்னதாக. 1933-இல் பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் அப்படிப்பட்ட சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டினார். மறு ஆண்டே யுசிஐ அந்த வகையைச் சைக்கிள் என்று கணக்கில் கொள்ளாமல் விலக்கியது. பந்தயத்தில் இடமில்லாத வடிவம் கடைக்குக் குறைவாகவே வரும். கடையில் குறைவாக இருப்பதற்கு ரேக் செய்ய ஆளிருக்காது. விதிப்புத்தகமும் ரேக்கும் ஒரே அச்சில் வார்த்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஃப்ரேமின் வடிவம் வழக்கமானதாக இருந்தாலும், அது எதனால் ஆனது என்பதும் கேள்விதான். கூரை மேல் வைக்கும் சில ரேக்குகளில், ஃப்ரேமின் கீழ்க்குழாயை இடுக்கி போலக் கவ்வும் ஒரு கை இருக்கும். இரும்புக் குழாய்க்கு அதனால் ஒன்றும் ஆகாது. கார்பன் குழாயின் கதை வேறு. அதன் இழைகள் ஓட்டுபவரின் எடையையும் பெடலின் இழுப்பையும் தாங்குவதற்கென அடுக்கப்பட்டவை. பக்கவாட்டில் நசுக்கினால் தாங்காது. குழாயின் சுவர் பல இடங்களில் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். விரிசல் உள்ளே விழும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அனுபவமுள்ள மெக்கானிக் நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே வருவார். கணீரென்ற ஓசை ஓரிடத்தில் மழுங்கினால் அங்கே சந்தேகம்.

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் அணிக் கார்களின் கூரையில் அத்தனை கார்பன் சைக்கிள்கள் எப்படி நிற்கின்றன? அங்கே ஃப்ரேமை யாரும் கவ்வுவதில்லை. முன்சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கின் கால்களை ஒரு பிடியில் பூட்டிவிட்டு, பின்சக்கரத்தைத் தட்டில் நிறுத்துகிறார்கள். ஃபோர்க் என்பது சாலையின் அடியைத் தாங்கப் பிறந்த உறுப்பு, காற்றின் தள்ளலையும் தாங்கும். வாங்குபவர்கள் பார்க்க வேண்டியது அச்சின் அளவை. பழைய சைக்கிள்களில் 9 மி.மீ., இன்றைய டிஸ்க் பிரேக் சைக்கிள்களில் 12 அல்லது 15 மி.மீ. பொருந்தாத பிடியில் எதையாவது செருகி ஓட்டக் கூடாது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது. 80 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 100-இல் அது ஒன்றரை மடங்குக்கும் மேல்.

எனக்கு மிகவும் பிடித்தது, சக்கரத்தை மட்டும் பிடிக்கும் தட்டு ரேக். காரின் பின்னால் இழுவைக் கொக்கியில் பொருத்துவார்கள். இரண்டு சக்கரமும் தட்டில் நிற்கும், ஒரு கை முன் டயரை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும். ஃப்ரேமை எதுவும் தொடாது. லேடீஸ் சைக்கிளோ, சாஃப்ட்ரைடோ, கார்பனோ, இரு சக்கரம் இருந்தால் நிற்கும். மட்கார்டு உள்ள சைக்கிளானால் அந்தக் கை மட்கார்டை நசுக்காத இடத்தில் டயரைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். நாலைந்து அங்குல டயருக்கு அகலத் தட்டு வேண்டும். எடைக் கணக்கும் முக்கியம். ஐரோப்பாவில் பல கார்களின் கொக்கி மேலிருந்து தாங்கும் பாரம் 75 கிலோ அளவு. 25 கிலோ பேட்டரி சைக்கிள் இரண்டு, ரேக் 18 கிலோ என்றால் 68. மூன்றாவது சைக்கிளுக்கு இடமில்லை.

நம் ஊர்க் கார்களில் இழுவைக் கொக்கி அபூர்வம். அதனால் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு விடியற்காலையில் சைக்கிளைக் கொண்டுபோகிறவர்களும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மிதித்து ஏற ஆசைப்படுகிறவர்களும் பெரும்பாலும் டிக்கி ரேக்கையோ கூரையையோ நம்ப வேண்டியிருக்கிறது. டிக்கி ரேக்கானால், ஒவ்வொரு வேகத்தடையிலும் சைக்கிள் துள்ளும். ஹேண்டில்பார் திரும்பிக் கண்ணாடியில் இடிக்காதபடி முன்சக்கரத்தை ஃப்ரேமோடு சேர்த்துக் கட்டுங்கள். நம்பர் பிளேட்டை மறைப்பது குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். கூரையானால், காரின் ஒன்றரை மீட்டர் உயரத்தோடு சைக்கிளின் ஒரு மீட்டரும் சேரும். வணிக வளாகங்களின் அடித்தளப் பார்க்கிங் பலவும் இரண்டு மீட்டரைச் சற்றுத் தாண்டும் உயரத்தில்தான் இருக்கின்றன.

இருவர் ஓட்டும் டேண்டம் சைக்கிளுக்கு ஒரு நேர்த்தியான ஏற்பாட்டை ரேக் செய்பவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். சாதாரண சைக்கிளில் சுமார் ஒரு மீட்டராக இருக்கும் சக்கர இடைவெளி, டேண்டமில் ஒன்றேமுக்கால் மீட்டர். ஒற்றை ஆளால் அதைக் கூரைக்குத் தூக்க முடியாது. ஆகவே ஃபோர்க் பூட்டும் பிடியைச் சுழலும்படி செய்தார்கள். சைக்கிளைக் காருக்குக் குறுக்கே நிறுத்தி, முதலில் ஃபோர்க்கை மட்டும் மேலே பூட்டுகிறோம், பின்சக்கரம் தரையிலேயே இருக்கும். பிறகு பின்பாதியைத் தூக்கி நடந்தால், முழு சைக்கிளும் சுழன்று தட்டில் போய் அமரும். எடையில் பாதியை எப்போதும் காரே சுமக்கிறது. சைக்கிளை மாற்றச் சொல்லாமல் தன்னை மாற்றிக்கொண்ட ரேக் இது.

மூன்று சக்கர ரிகம்பென்டுக்கு இந்த வித்தை பலிக்காது. முன்னால் இரண்டு சக்கரம், சுமார் 80 செ.மீ. அகலம். மடித்து, பின்சீட்டைச் சாய்த்துக் காருக்குள்ளேயே வைப்பதுதான் நல்லது. இங்கிலாந்தின் ஃபால்மவுத்தில் ஐசிஇ நிறுவனம் மடியும் வகையைச் செய்கிறது. அலெக்ஸ் மோல்டன் 1962-இல் அறிமுகப்படுத்திய சின்னச் சக்கர, பார் இல்லாத சைக்கிளிலும், இரண்டாகப் பிரித்து டிக்கியில் வைக்கும் ஸ்டோஅவே என்ற வகை சில ஆண்டுகளில் வந்துவிட்டது.

ரேக் வாங்கப் போகிறவர்கள் சைக்கிளையும் கையோடு கொண்டுபோங்கள். கடை வாசலிலேயே உங்கள் காரில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். காரும் சேர்ந்து ஆடினால் பிடிமானம் சரி. சைக்கிள் மட்டும் ஆடினால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.