நிலவில் பதிந்த அடிகளும் நெஞ்சில் எழுந்த ஐயங்களும்

தமிழிலக்கியத்தில் திங்களுக்குத் தனியிடம் உண்டு. குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைப்பதற்கென்றே பிள்ளைத்தமிழில் ‘அம்புலிப் பருவம்’ அமைந்தது. அழைத்தும் வாராத அம்புலியை நாடி மனிதனே சென்றான். 1969ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 20ஆம் நாள், அப்பல்லோ 11 பயணத்தில் நீல் ஆம்ஸ்ட்ராங், எட்வின் ஆல்ட்ரின் ஆகிய இருவரும் நிலவில் இறங்கினர். மைக்கேல் காலின்ஸ் நிலவைச் சுற்றிய தாய்க்கலத்தில் காத்திருந்தார். 1972ஆம் ஆண்டு முடிவதற்குள் ஆறு பயணங்களில் பன்னிருவர் நிலவில் நடந்தனர்.

ஆயினும், ‘இவையனைத்தும் படப்பிடிப்புத் தளத்தில் நிகழ்ந்த நாடகம்’ என்று கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். 1976இல் பில் கேசிங் என்னும் அமெரிக்கர் இக்கருத்தை நூலாகவே வெளியிட்டார். செவ்வாய்ப் பயணம் ஒன்றைப் போலியாகப் படமெடுத்து உலகை ஏமாற்றுவதாக அமைந்த ‘கேப்ரிகார்ன் ஒன்’ என்னும் திரைப்படம் 1978இல் வெளிவந்தது. வியட்நாம் போரிலும் வாட்டர்கேட் ஊழலிலும் தம் ஆட்சியாளர் உண்மையை மறைத்ததை அமெரிக்க மக்கள் உணர்ந்திருந்த காலம் அது. அவ்வாட்சியாளர் இதிலும் பொய்யுரைத்திருப்பரோ எனச் சிலர் எண்ணியதில் வியப்பில்லை. எனவே ஐயுறுவோரை எள்ளி நகையாடுதல் முறையன்று. அவர்தம் வினாக்களுக்கு விடை காண்பதே முறையாகும்.

காற்றில்லாத நிலவில் கொடி அசைந்தது எவ்வாறு என்பது முதல் வினா. கொடி தொங்கிவிடாமல் விரிந்து நிற்பதற்காக அதன் மேல்விளிம்பில் குறுக்குக் கம்பி பொருத்தப்பட்டிருந்தது. மடித்து எடுத்துச் சென்ற துணியின் சுருக்கங்களே படத்தில் அலைபோல் தோன்றுகின்றன. கம்பத்தை ஊன்றும்போது ஏற்பட்ட ஆட்டம், அதைத் தணிக்கக் காற்று இன்மையால், சற்று நீடித்தது.

கரிய வானில் விண்மீன்கள் ஏன் இல்லை என்பது இரண்டாம் வினா. அவர்கள் இறங்கியது நிலவின் பகற்பொழுதில். கதிரொளியில் ஒளிரும் நிலத்தையும் வெண்ணிற உடையையும் படமெடுக்க, கேமரா நொடியின் மிகச் சிறு பகுதியே திறந்து மூடியது. அவ்வளவில் விண்மீன்களின் மங்கிய ஒளி பதியாது.

நிழல்கள் ஏன் வெவ்வேறு திசைகளில் விழுகின்றன என்பது மூன்றாம் வினா. மேடுபள்ளமான நிலமும் தொலைவுத் தோற்றமுமே காரணம். இணையாகச் செல்லும் தண்டவாளங்கள் தொலைவில் நெருங்குவதுபோல் தோன்றுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். படப்பிடிப்பு விளக்குகள் பல இருந்திருப்பின் ஒவ்வொரு பொருளுக்கும் பல நிழல்கள் விழுந்திருக்கும். படங்களில் ஒரு பொருளுக்கு ஒரு நிழலே உண்டு.

இனி, சான்றுகளைக் காண்போம். அறுவகைப் பயணங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 382 கிலோகிராம் கல்லும் மண்ணும் கொண்டுவரப்பட்டன. 1970இல் சோவியத் நாட்டின் லூனா 16 என்னும் ஆளில்லாக் கலமும் ஏறத்தாழ 100 கிராம் நிலவு மண்ணைக் கொணர்ந்தது. இருநாட்டு ஆய்வாளரும் மாதிரிகளைப் பரிமாறிக்கொண்டு ஆராய்ந்தனர். அப்பல்லோ 11, 14, 15 பயணங்களில் வைக்கப்பட்ட எதிரொளிப்பான்கள்மீது இன்றும் புவியிலிருந்து லேசர் கதிரைச் செலுத்தி, நிலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்வதை அளக்கின்றனர். ‘எதிரொளிப்பானை எந்திரமும் வைக்கலாமே’ எனின், அதுவும் உண்மையே. சோவியத் ஊர்திகள் அவ்வாறு கொண்டு சென்றன. ஆனால் 2009இல் ஏவப்பட்ட அமெரிக்க நிலவு ஆய்வுக் கலம் எடுத்த படங்களில், இறங்குகலங்களின் அடிப்பகுதிகளோடு வீரர்கள் நடந்த தடங்களும் தெரிகின்றன. இவையனைத்திற்கும் மேலாக, விண்வெளிப் போட்டியில் எதிரணியில் நின்ற சோவியத் அரசு இச்செயலைப் பொய்யென்று கூறவில்லை. பொய்யாயின் அதை முதலில் பறைசாற்றியிருக்கக் கூடியவர் அவரே. போட்டியாளரும் மறுக்காத செய்திக்கு வலிமை மிகுதி.

நம் சமுதாயத்தைத் தொடும் மற்றொன்றையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். ஆம்ஸ்ட்ராங் நிலவில் பாங்கொலி கேட்டார் என்றும், பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார் என்றும் ஒரு செய்தி முஸ்லிம் நாடுகள் பலவற்றில் பரவியது. நம்மிடையேயும் அதை நம்பியோர் உண்டு. 1983இல் அமெரிக்க வெளியுறவுத் துறை, ஆம்ஸ்ட்ராங்கின் விருப்பப்படி, இச்செய்தி உண்மையன்று எனத் தன் தூதரகங்களுக்கு அறிவித்தது. 2012இல் அவர் மறைந்த பின்னரும் இச்செய்தி மறையவில்லை. வெறுப்பினால் மெய்யை மறுப்பதும் விருப்பினால் பொய்யை ஏற்பதும் ஒரே குறையின் இரு முகங்கள். உண்மையான மார்க்கத்திற்குப் பொய்ச்செய்தி துணையாக வேண்டியதில்லை.

நிலவைப் பற்றிய செய்தியை எவ்வாறு ஆராய்வது என்பது நமக்குப் புதிதன்று. பிறை கண்டதாக ஒருவர் கூறின், கண்டவர் யார், எங்கே, எப்போது கண்டார், நம்பத்தக்கவரா என வினவிய பின்னரே பெரியோர் ஏற்பர். நபிமொழிகளைத் தொகுத்த அறிஞர்கள், அறிவிப்பாளர் வரிசையில் ஒருவர் ஐயத்திற்குரியவராயினும் அச்செய்தியை எளிதில் ஏற்றிலர். அம்மரபின் வழிவந்த மாணவர்கள், செவிவழி வரும் எச்செய்தியையும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் கடமையாகும். சான்று கேட்பது அறிவு. சான்று கிடைத்தபின் அதை ஏற்பது நேர்மை. இவ்விரண்டும் நம் கல்விக்கூடங்களில் தழைப்பனவாக!