ஈறுநோயும் பல் தூய்மைச் செலவும்

பல் மருத்துவரிடம் சென்று பற்களைத் தூய்மை செய்துகொள்வதை மக்கள் ‘கிளீனிங்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பர். ஆயினும், நலமான ஈறு உடையவருக்குச் செய்யும் தூய்மையும், ஈறுநோய் முற்றியவருக்குச் செய்யும் தூய்மையும் ஒரே பணியல்ல. செலவும் ஒன்றல்ல.

பற்களின்மேல் நுண்ணுயிரிகள் மெல்லிய படலமாகப் படிகின்றன. நாள்தோறும் நன்கு துலக்கினால் அப்படலம் அகன்றுவிடும். துலக்கி எட்டாத இடங்களில், உமிழ்நீரிலுள்ள தாதுக்கள் சேர்ந்து அது கல்லைப்போல் இறுகுகிறது. இதனைப் பற்காரை என்பர். வேப்பங்குச்சியோ விலையுயர்ந்த பற்பசையோ இறுகிய காரையை அகற்றா. அதனருகே ஈறு சிவந்து வீங்கும். துலக்கும்போது குருதி கசியும். இந்நிலையில் காரையை நீக்கி, நாள்தோறும் முறையாகத் துலக்கிவந்தால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பும். கவனியாது விட்டால், பலருக்கு ஈறு பல்லைவிட்டு விலகி, இடையே பை போன்ற பள்ளம் உண்டாகும். பல்லைத் தாங்கும் எலும்பும் கரையத் தொடங்கும். அவ்வாறு கரைந்த எலும்பு தூய்மை செய்வதால் மட்டும் மீண்டும் வளர்ந்துவிடாது, எஞ்சியதைக் காக்கலாம்.

பள்ளத்தின் ஆழத்தை மருத்துவர் மெல்லிய அளவுகோலால் அளக்கிறார். நலமான ஈற்றில் அது 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஒரு பல்லுக்கு 6 இடங்கள் வீதம், 28 பற்களுக்கு 168 அளவுகள்! ஆழம் மிகுந்த இடங்களில் மரத்துப்போக ஊசியிட்டு, ஈற்றின்கீழ் வேர்ப்பகுதி வரை காரையைச் சுரண்டி எடுக்க வேண்டும். இதற்குச் சிலர் இரண்டு அல்லது நான்கு முறை செல்ல நேரிடும். அதன்பின்னும் பள்ளங்களில் நுண்ணுயிரிகள் மீண்டும் குடியேறுவதால், பெரும்பாலும் 3 மாதத்திற்கு ஒருமுறை தூய்மை செய்யுமாறு மருத்துவர் கூறுவார்.

இங்கேதான் செலவு பெருகுகிறது. ஒரு தூய்மைக்கு 1,000 ரூபாய் எனக் கொள்வோம். ஆண்டிற்கு 4,000 ரூபாய். பத்து ஆண்டுகளில் 40,000 ரூபாய். ஒருமுறை செலுத்தும்போது சிறிதாகத் தோன்றும் தொகை இது. 2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டிற்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு அளிக்கிறது. எனினும் அது முதன்மையாக மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு உரியது. பல் தூய்மையோ வந்து அமர்ந்து, செய்துகொண்டு, வீடு திரும்பும் சிகிச்சை. தனியார் காப்பீடுகளில் பெரும்பாலானவையும் இதனை ஏற்பதில்லை. ஆகவே நோயாளியே தம் கையிலிருந்து செலுத்துகிறார்.

அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. 1920-இல் மருத்துவர் ரஃபியுதீன் அகமது கொல்கத்தாவில் தொடங்கிய கல்லூரி, இன்று அவர் பெயராலேயே அரசுக் கல்லூரியாக விளங்குகிறது. இத்தகைய கல்லூரிகளில் மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் சிகிச்சை அளிப்பர். வேலை நேர்த்தியாகவே நடக்கும். ஆனால் நேரம் எடுக்கும். நாட்கூலி பெறுபவருக்கு, வரிசையில் காத்திருக்கும் அந்த நாளின் ஊதியம் கட்டணத்தைவிடப் பெரியது.

வலி இல்லாததால் பலர் தள்ளிப்போடுகின்றனர். தூய்மை செய்தால் பல் ஆடும் என்ற அச்சமும் உண்டு. உண்மையில் எலும்பு கரைந்ததை அதுவரை காரை மறைத்திருக்கும். காரை நீங்கியதும் இடைவெளி தெரிகிறது, அவ்வளவே. நீரிழிவு உடையோர் காலம் தாழ்த்துதல் கூடாது. சர்க்கரை மிகுந்தால் ஈறுநோய் முற்றும். ஈறுநோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும்.

மூன்று மாதம் என்பது மாறாத விதியன்று. பள்ளத்தின் ஆழமும் குருதிக் கசிவும் குறைந்தால் மருத்துவர் இடைவெளியை நீட்டிப்பார். புகையிலையை விடுவதும், பல்லிடுக்குகளைச் சிறு துலக்கியால் நாள்தோறும் தூய்மை செய்வதும் அதற்கு உதவும். இடைவெளி 6 மாதமானால் ஆண்டுச் செலவு பாதியாகும்.