குடலுக்குள்ள கொழுப்புக் கட்டி: எப்போ விட்டுவிடலாம், எப்போ எடுக்கணும்?

"கட்டி" என்ற சொல்லைக் கேட்டதுமே நம்ம மனசு நேரா புற்றுநோய்க்குத்தான் போகும். அதுவும் பெருங்குடலில் கட்டின்னு ரிப்போர்ட் வந்துட்டா வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. ஆனால் அந்தக் கட்டிகளில் ஒரு வகை பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராமல் சும்மா உட்கார்ந்திருக்கும். லிப்போமா, அதாவது கொழுப்புக் கட்டி.

கையிலோ முதுகிலோ தோலுக்கு அடியில் மெத்தென்று நகரும் கொழுப்புக் கட்டியைப் பார்த்திருப்பீங்க. அதே சமாச்சாரம்தான் குடல் சுவரிலும் வருது. குடலின் உட்பக்கத்தை மூடியிருக்கும் சளிச்சவ்வுக்கு அடுத்த அடுக்கில் சாதாரணக் கொழுப்புச் செல்கள் ஒன்றாகச் சேர்ந்து வளர்கின்றன. சாப்பிட்ட எண்ணெய் குடலில் ஒட்டிக்கிட்டு கட்டியாவது கிடையாது. சிறுகுடலைவிடப் பெருங்குடலில், அதிலும் அதன் வலது பக்கத்தில்தான் இது அதிகம். 50 வயதைத் தாண்டியவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. 2 செ.மீ.க்குக் குறைவானவை பெரும்பாலும் வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படுபவை.

சரி, இது கொழுப்புதான்னு எப்படி உறுதி செய்வது?

கொலோனோஸ்கோபியில் மஞ்சள் நிறமாக, வழவழப்பாக ஒரு மேடு தெரியும். டாக்டர் சின்ன இடுக்கியால் அதை அழுத்திப் பார்ப்பார். தலையணை மாதிரி அமுங்கி, விட்டதும் மறுபடி எழும்பினால் லிப்போமா என்பதற்கு அது நல்ல அடையாளம். இதற்கு 'தலையணை அடையாளம்' என்றே பெயர். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கிள்ளி எடுத்தால் உள்ளிருந்து கொழுப்பு பிதுங்கி வருவதும் உண்டு.

இங்கேதான் பலர் குழம்பிப் போறாங்க. வழக்கமான பயாப்ஸி மேலே இருக்கும் சளிச்சவ்வை மட்டும்தான் கிள்ளும். கட்டியோ அதற்கு அடியில் இருக்கு. அதனால் ரிப்போர்ட்டில் "சாதாரணத் திசு" என்று வரலாம். ஆய்வகம் தப்பு செய்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க சிடி ஸ்கேன் உதவும். சிடியில் ஒவ்வொரு திசுவின் அடர்த்திக்கும் ஓர் எண் உண்டு. சிடி ஸ்கேனை உருவாக்கியதற்காக 1979-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரிலேயே அந்த அளவுகோல் இருக்கு. அதில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. கொழுப்பு சுமார் மைனஸ் 40 முதல் மைனஸ் 120 வரை. புற்றுநோய்க் கட்டி இந்த எண்ணைக் காட்டாது. ரொம்பச் சின்னக் கட்டி என்றால் சிடி துல்லியமாகச் சொல்லாது. அப்போது எண்டோஸ்கோப் முனையிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துக் குடல் சுவரை அடுக்கு அடுக்காகப் பார்ப்பார்கள்.

சின்னதாக, தொந்தரவு இல்லாமல் இருந்தால் சிகிச்சையே வேண்டாம். லிப்போமா புற்றுநோயாக மாறுவது இல்லை என்றே சொல்லலாம்.

பெரிசானால் கதை வேற. வயிற்று வலி, ரத்தப்போக்கு, மலம் கழிப்பதில் மாற்றம் வரலாம். மேற்பரப்பு புண்ணாகிவிட்டால் பார்க்கப் புற்றுநோய் மாதிரியே இருக்கும். குடல் சுருங்கி விரியும்போது கட்டியையும் சேர்த்து இழுத்து, ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் டெலஸ்கோப் மாதிரி நுழைந்துகொள்வதும் உண்டு. இதுதான் குடல் செருகல். இது அடைப்பை உண்டாக்கி ரத்த ஓட்டத்தையும் நிறுத்திவிடலாம். பெரியவர்களின் பெருங்குடலில் செருகல் வந்தால் காரணம் புற்றுநோயாகவும் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால், பெரும்பாலும் அந்தப் பகுதியையே வெட்டி எடுக்கிறார்கள்.

செருகல் இல்லையென்றால் எண்டோஸ்கோபி வழியாகவே எடுக்க முடியும். ஆனால் கொழுப்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. கம்பிச் சுருக்குப் போட்டு மின்சாரத்தால் அறுக்கும்போது அதிக நேரம் சூடு கொடுக்க வேண்டிவரும், குடலில் ஓட்டை விழும் ஆபத்தும் கூடும். அதனால் சில சமயம் கட்டியின் அடியை நைலான் வளையத்தால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். ரத்த ஓட்டம் நின்று அது தானாகவே விழுந்துவிடும்.

ரிப்போர்ட் கையில் இருந்தால் டாக்டரிடம் மூன்றே கேள்வி கேளுங்க: எத்தனை செ.மீ.? சிடியில் கொழுப்பு அடர்த்தி தெரிந்ததா? என் தொந்தரவுக்கு இதுதான் காரணமா? மூன்றாவதுதான் முக்கியம். ரத்தம் போகிற ஒருவருக்குச் சின்ன லிப்போமா இருந்தால், அதன் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தேடலை நிறுத்தக் கூடாது. ரத்தம் வேறு இடத்திலிருந்தும் வரலாம்.