கரன்ட் எவ்ளோ பாஸ்?

ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு 12 வோல்ட் பவர் சப்ளை ஒன்றைச் செய்து, பளபளன்னு பெட்டிக்குள் போட்டாச்சு. வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் கேட்கிறார்: "லோட் எவ்வளவு கரன்ட் எடுக்குதுப்பா?"

வோல்டேஜ் என்றால் மல்டிமீட்டரை வைத்ததும் சொல்லிவிடலாம். கரன்ட்டுக்கு ஒயரைப் பிரித்து, நடுவில் மீட்டரைச் சொருகணும். அப்புறம் ஒயரைப் பழைய சாக்கெட்டுக்கு மாற்ற மறந்து, அப்படியே வோல்டேஜ் பார்க்கப்போய், மீட்டருக்குள் ஃபியூஸ் அவுட்! உங்கள் லேபிலும் அப்படி ஒன்றாவது மூலையில் கிடக்கும்.

ஒயரைப் பிரிக்காமலே அளக்கலாம். கரன்ட் போகும் பாதையில் 0.1 ஓம் மின்தடை ஒன்றை நிரந்தரமாக உட்கார வையுங்கள். இதுதான் ஷன்ட். 1 ஆம்பியர் போனால் அதன் இரு முனைக்கும் நடுவே 0.1 வோல்ட், ஸ்கூலில் படித்த ஓம் விதிதான். அந்தப் பொடி வோல்டேஜை ஆப்-ஆம்ப் பத்து மடங்காக்கினால், 1 ஆம்பியருக்கு 1 வோல்ட். மீட்டரில் தெரியும் எண்ணே விடை.

ஆப்-ஆம்ப் என்றதும் கை தானாக 741-க்குப் போகும். 1968-ல் ஃபேர்சைல்ட் வெளியிட்ட தாத்தா அவர். கும்பிடு போட்டுவிட்டு, எல்.எம்.358-ஐ எடுங்கள். ஒரே சப்ளையில் ஓடும்; இன்புட் கிரவுண்ட் வரை இறங்கினாலும் சமாளிக்கும்.

ஷன்டை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பிளஸ் ஒயரில் வைத்தால் லோடின் கிரவுண்ட் சுத்தமாக இருக்கும். ஆனால் ஷன்டின் இரண்டு முனையும் 12 வோல்ட் உயரத்தில் நிற்கும்; வித்தியாசமோ 0.1 வோல்ட். இரண்டு பனைமரத்தைக் கீழே இருந்து அண்ணாந்து பார்த்து, எது ஒரு சாண் அதிகம்னு சொல்ற மாதிரி! அந்த வித்தியாசத்தை மட்டும் பெருக்க இரண்டு 1 கே, இரண்டு 10 கே மின்தடைகள் வேண்டும். அதில் ஒரே ஒரு 10 கே 1 சதவீதம் விலகினாலும் அவுட்புட் சுமார் 0.11 வோல்ட் பிசகும். அதாவது 110 மில்லி ஆம்பியர் பொய். தங்க வளையம் போட்ட 5 சதவீத மின்தடை என்றால் அரை ஆம்பியர் வரை போகும். போதாக்குறைக்கு, ஆப்-ஆம்பின் இன்புட் 10.9 வோல்ட்டுக்கு ஏறும். 12 வோல்ட் சப்ளையில் 358 தாங்குவது 10.5 வரைதான். பிளஸ் பக்கம்தான் வேண்டும் என்றால், இந்த வேலைக்கென்றே வரும் ஐ.என்.ஏ.219 சிப்பை வாங்கிவிடுவது உத்தமம்.

வைவாவுக்கு என் ஓட்டு கிரவுண்ட் பக்கத்துக்கே. லோடுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷன்ட், நான்-இன்வெர்ட்டிங் சர்க்யூட், 1 கே, 9 கே. (9 கே தேடி ரிச்சி தெருவையே சுற்றாதீர்கள், 8.2 கே-யோடு 2 கே ப்ரீசெட் சேர்த்துத் திருகிக்கொள்ளுங்கள்.) லோடின் கிரவுண்ட் 0.1 வோல்ட் மேலே மிதக்கும், பரவாயில்லை. ஆனால் லோடை கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்தால், கரன்ட் அந்த வழியாகவும் திரும்பிப்போய், ரீடிங் குறைந்துவிடலாம்.

ஷன்டை பிரெட்போர்டில் குத்தவே குத்தாதீர்கள். துளையின் பிடிப்பில் 0.01 ஓம் சேர்ந்தாலே 10 சதவீதம் தப்பு. சால்டர் பண்ணி, ஆப்-ஆம்புக்குப் போகும் இரண்டு ஒயரையும் ஷன்டின் கால்களிலிருந்தே எடுங்கள். 2 ஆம்பியரில் அது 0.4 வாட் சூடாகும். 2 வாட் ரகமாக வாங்கினால் நிம்மதி.

இனி டெஸ்ட். லோடைக் கழற்றிவிட்டு மீட்டரைப் பாருங்கள். 358-ன் ஆஃப்செட் 7 மில்லிவோல்ட் வரை இருக்கலாம். நம் கணக்கில் அது 70 மில்லி ஆம்பியர். குறித்து வைத்துக் கழியுங்கள். பிறகு 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மாட்டினால் 1.75 ஆம்பியர் பக்கத்தில் காட்டணும். ஆசிலோஸ்கோப் ஃப்ரீயாகக் கிடைத்தால் பல்பு பற்றும் நொடியைப் பிடியுங்கள். இழை சூடாகும் முன் கரன்ட் எகிறி இறங்குவது, மல்டிமீட்டரில் கண்ணுக்கே சிக்காது!